கடுக்காய் விழுந்த குடம்

எங்கள் வீடு எட்டடிக்குப் பன்னிரண்டடி. அதற்குள் இருந்தவை: அப்பாவின் கயிற்றுக் கட்டில், என் கோரைப்பாய், தகரப் பெட்டி இரண்டு, தண்ணீர்ப் பானை, அரிசிப் பானை, அரிக்கன் விளக்கு, நான் பயிற்சியில் இருந்தபோது வாங்கிய புத்தகங்கள் மூன்று, சுவரில் ஐந்து ஆணிகள். ஐந்தாவது ஆணி என்னுடையது. மருந்தகத்துக்குக் கட்டிக்கொண்டு போகும் வெள்ளைப் புடவை அதில் தொங்கும். கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாத்தினால்தான் இருவர் உட்கார்ந்து சாப்பிட முடியும். அம்மா இறந்து வெகு நாளாகியிருந்ததால் நாங்கள் இருவர்தான். இடம் போதாது என்று அப்பா ஒரு நாளும் சொன்னதில்லை. அது சொந்த வீடு.

சொந்தம் என்றால் எங்களுக்கு மட்டும் அல்ல. வரிசையாகப் பன்னிரண்டு வீடுகள். பன்னிரண்டும் பன்னிரண்டு குடும்பங்களுக்கும் பொதுவாகச் சொந்தம். அதற்கு முன்பு அப்பாவும் மற்றவர்களும் பாலாற்றங்கரையில் குடிசை போட்டிருந்தார்கள். ஒரு மழைக்காலத்தில் ஆறு அவற்றை எடுத்துக்கொண்டது. எல்லாரும் வேலூரில் தோல் பதனிடுகிற ஒரே ஷாப்பில் வேலை செய்தவர்கள். அங்கே மேஸ்திரியாக இருந்தவர் ஆட்களைச் சேர்த்தார். ஷாப்புக்கு ஆவாரம்பட்டை கொடுக்கிற மேல்விஷாரத்து வியாபாரி ஒருவர் தம் பழைய கிடங்கு இருந்த மனையைச் சகாய விலைக்கு விட்டார். கூட்டுறவுச் சங்கம் என்று பதிந்துகொண்டு, ஷாப்புக்கு விடுமுறையான வெள்ளிக்கிழமைகளில் தாங்களே மண் குழைத்துச் சுவர் வைத்தார்கள்.

பொதுவில் இருந்தவை: கிணறு ஒன்று, கக்கூசு இரண்டு, ஓலைக் கொட்டகை ஒன்று, அதில் அடுப்பு நாலு. வீட்டுக்குள் அடுப்பு கூடாது என்பது சங்கத்தின் சட்டம். பன்னிரண்டு பெண்கள் நாலு அடுப்பில் முறை வைத்துச் சமைத்தோம். முதல் முறை, இரண்டாம் முறை, கடைசி முறை. கடைசி முறை வந்தால் ஆண்கள் பட்டினியாக வேலைக்குப் போவார்கள். முறையை ஒவ்வொரு மாதமும் மேஸ்திரியின் மனைவி தீர்மானிப்பாள். ஷாப்பில் ஊறித் தீர்ந்த பட்டைச் சக்கையைக் காயவைத்துத்தான் எரிப்போம். சோற்றிலும் அந்த வாசனை இருக்கும்.

வீடுகளுக்கு நடுவே இருந்த சுவர்கள் கூரை வரை எழும்பவில்லை. செங்கல் மிச்சம் பிடிக்க ஆளுயரத்துக்கு மேல் நிறுத்திவிட்டார்கள். ஒன்றாம் எண்ணில் தும்மினால் மூன்றாம் எண்ணில் கேட்கும். நாங்கள் ஒருவரையொருவர் எண்ணைச் சொல்லியே குறிப்பிட்டோம். மேஸ்திரி ஒன்று. நாங்கள் ஏழு.

நான் பெண்கள் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் பயிற்சி முடித்து, ஊருக்குள் ஒரு மருந்தகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். எழுதப் படிக்கத் தெரிந்தவள் என்பதால் சங்கத்தின் தீர்மானப் புத்தகம் என்னிடம் இருந்தது. அதோடு இன்னொரு வேலையும் வந்து சேர்ந்தது. ஓட்டுப் போடும் குடத்தைக் கழுவி வைப்பது.

ஓட்டு முறையும் மேஸ்திரியின் யோசனைதான். கை தூக்கச் சொன்னால் பகை வரும், காகிதத்தில் எழுத ஆட்களுக்குத் தெரியாது. அதனால் ஷாப்பிலிருந்து ஆவாரம்பட்டைத் துண்டுகளும் கடுக்காய்களும் வரும். இரண்டும் தோல் பதனிடுகிற சரக்கு, எல்லார் கைக்கும் பழக்கம். வீட்டுக்கு ஓர் ஆள். ஆளுக்கு ஒரு பட்டை, ஒரு கடுக்காய். ஒன்றாம் எண் வீட்டுக்குள் குறுகிய வாய் உள்ள மண்குடம் ஒன்று இருக்கும், பக்கத்தில் ஒரு சாக்கு இருக்கும். ஒவ்வொருவராக உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். சம்மதம் என்றால் குடத்தில் பட்டை. சம்மதமில்லை என்றால் கடுக்காய். மிஞ்சியதைச் சாக்கில் போட்டுவிட்டு வரவேண்டும். யார் எதைப் போட்டார் என்று யாருக்கும் தெரியாது.

முதல் தடவை ஓட்டுப் போட்டது, பொது முற்றத்தில் ஒரு துண்டை மேஸ்திரி தம் வீட்டோடு சேர்த்துத் தாழ்வாரம் இறக்கிக்கொள்ளலாமா என்பதற்காக. நாங்கள் வெளியே வரிசையாக நின்றோம். நாலாம் எண் அத்தை உள்ளே போனாள். அவள் புருஷன் அன்று வெளியூரில். சற்று நேரத்தில் உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது.

டொக்.

பட்டை விழுந்தால் சத்தம் இல்லை. கடுக்காய் கூழாங்கல்லைப் போன்றது. குடத்தின் வாய்க்குள் கை நுழையாது, மேலிருந்துதான் போட வேண்டும். எட்டடிக்குப் பன்னிரண்டடி வீட்டில் அது எங்கே போய் ஒளியும்? எல்லாரும் தம் தம் கால் விரல்களைப் பார்த்தார்கள். கடைசியில் பட்டை வண்டி ஓட்டுகிற பன்னிரண்டாம் எண் சாயபு போனபோது இன்னொரு டொக்.

பட்டை பத்து, கடுக்காய் இரண்டு. தாழ்வாரம் இறங்கியது.

மறுநாள் கிணற்றடியில் மேஸ்திரியின் மனைவி சாயபுவின் மனைவியைப் பார்த்துச் சிரித்தாள். "இன்னா பீவி, நேத்து உங்க வூட்டுக்காரருக்குக் கை வழுக்கிட்சா?" அந்த மாதம் நாலாம் எண்ணுக்கும் பன்னிரண்டாம் எண்ணுக்கும் கடைசி அடுப்பு.

அதற்குப் பிறகு குடத்தில் கடுக்காய் விழவில்லை. கிணறு தூர் வாருவது, கூரை மாற்றுவது, அந்நியரைத் தங்கவைக்கக் கூடாது என்பது, எல்லாம் பட்டைதான். "ஏகமனதாக நிறைவேறியது" என்று நான் எழுதினேன். குடத்தின் அடியில் ஒரு துணியை மடித்துப் போட்டால் சத்தம் வராது என்பது எனக்கு முதல் நாளே தெரியும். மற்றவர்களுக்கும் தெரிந்திருக்கும். தோல் மடிக்கிறவர்களுக்குத் துணி மடிக்கத் தெரியாதா? ஆனால் துணி போட வேண்டுமென்றால், சத்தம் கேட்கிறது என்று முதலில் யாராவது சொல்ல வேண்டும்.

மூன்றாவது வருஷம் ஒன்பதாம் எண் வீட்டுக்காரர் இறந்துபோனார். சுண்ணாம்புத் தொட்டியில் வேலை செய்தவர். அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். முறை எதுவாக இருந்தாலும் அடுப்பைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் போவாள். குழந்தைகள் இல்லை. அங்கத்தினர் இறந்தால் வாரிசு ஷாப்பில் வேலை செய்கிறவராக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வீட்டைச் சங்கம் வேறு ஆளுக்கு விடலாம் என்று சட்டத்தில் ஒரு வரி இருந்தது. விட வேண்டும் என்று இல்லை, விடலாம் என்றுதான். மேஸ்திரியின் அக்கா மகனுக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது.

"ஒன்பதாம் எண் வீட்டை வேறு ஆளுக்கு விடலாமா?" மேஸ்திரி சொல்ல நான் எழுதினேன்.

அப்பாவுக்கு அப்போதே நெஞ்சு கெட்டுப்போயிருந்தது. தோலில் சவ்வு சீவுகிற கத்தியைப் பிடித்து நிற்க முடியாமல், உட்கார்ந்தபடி பட்டை பொறுக்குகிற வேலையை மேஸ்திரி அவருக்குக் கொடுத்திருந்தார். ஏழாம் எண்ணுக்கு ஓட்டுப் போட நான்தான் போனேன். உள்ளே இருட்டாக இருந்தது. இடது கையில் கடுக்காய், வலது கையில் பட்டை. எனக்கு முன்னால் ஆறு பேர் போய் வந்திருந்தார்கள், சத்தம் இல்லை. வலது கையைத் திறந்தேன். கடுக்காயைச் சாக்கில் போட்டேன். சாக்கில் விழுந்தால் சத்தம் வராது. உள்ளே நின்ற நேரம் ஒரு நிமிஷம்கூட இருக்காது.

வீட்டை விடுகிற விஷயத்தில் மட்டும் அந்த வீட்டுக்கு ஓட்டு இல்லை என்பதால் பதினொன்று. பதினொன்றும் பட்டை.

அக்கா வெளியே எங்களோடுதான், கிணற்றுச் சுவர் ஓரமாக, நின்றிருந்தாள். ஜாமான்களை வண்டியில் ஏற்ற நான் உதவினேன். அம்மி, இரண்டு குடம், ஒரு மூட்டை. நெமிலியில் தம்பி இருக்கிறான், அவன் வயலில் வேலை இருக்கும் என்றாள். வண்டி கிளம்பும்போது கேட்டாள்.

"ஒரு கடுக்காகூட விழலியாம்மா?"

"இல்லக்கா."

"காத வச்சிக் கேட்டுக்னே இருந்தேன்" என்றாள்.

அந்த வருஷம் கார்த்திகையில் அப்பா படுத்தார். மருந்தகத்திலிருந்து விலைக்கு ஒரு சுருள் பஞ்சு வாங்கி வந்து, குளிர் தாக்காமல் நெஞ்சைச் சுற்றிப் பஞ்சு உறை தைத்துப் போட்டேன். வேளைக்கு மருந்து கொடுத்தேன். ஒரு காலை, முதல் முறை அடுப்பில் கஞ்சி வைத்துக்கொண்டு வந்தபோது அவர் இல்லை. நான் செய்தவை: நாடி பார்த்தேன், கண்ணிமையை மூடினேன், கஞ்சியை மூடி வைத்தேன், நாலாம் எண் அத்தையைக் கூப்பிட்டேன், மருந்தகத்துக்குச் சீட்டு எழுதி அனுப்பினேன். பெண்கள் வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். எனக்கு வரவில்லை. நாலாம் நாள் வேலைக்குப் போனேன். அளவுக் கண்ணாடியில் மருந்தின் மட்டம் வழக்கம்போலத் தெரிந்தது. கட்டிலை நிமிர்த்திச் சாத்த வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று. ஆனாலும் சாத்தினேன்.

பதினாறு கழிந்ததும் மேஸ்திரி வந்தார். வாசலிலேயே நின்றார். கெட்ட மனுஷர் அல்ல. அப்பாவைத் தூக்கிப் போனவர்களில் அவரும் ஒருவர்.

"பாப்பா, தப்பா நெனைக்காத. சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான். ஒன்பதுக்கு ஒண்ணு, ஏழுக்கு ஒண்ணுன்னு இருந்தா சங்கம் நிக்காது."

"சரி மாமா."

"நீ ஷாப்புல வேல செய்யல. கல்யாணமும் ஆகல. வாலாஜாவுல உன் மாமன் இருக்காரில்ல?"

"இருக்காரு."

வாலாஜாபேட்டையில் என் தாய்மாமா இருந்தார். துக்கத்துக்கு வந்தவர் அங்கேயே பேச்சை ஆரம்பித்துவிட்டிருந்தார். மனைவியை இழந்த ஒரு பாத்திரக் கடைக்காரர், மூன்று குழந்தைகள், நல்ல மனிதர். அந்த வீட்டுக்குப் போனால் மருந்தக வேலை கிடையாது. கல்யாணம் ஆகாத பெண்ணுக்குத் தனியாக வாடகைக்கு வீடு விட ஊரில் ஆள் இல்லை, நான் விசாரித்தேன். மருந்தகத்தில் தங்க இடம் இல்லை. ஆக, எட்டடிக்குப் பன்னிரண்டடி இருந்தால் வேலை இருக்கும். அது போனால் வேலையும் போகும். இதைக் காகிதத்தில் எழுதிப் பார்த்தேன். இரண்டே வரிதான் வந்தது.

"வர்ற வெள்ளிக்கெழம ஓட்டு வச்சிடலாம். நீயே எழுதிடு" என்றார் மேஸ்திரி. "ஏழாம் எண் வீட்டை வேறு ஆளுக்கு விடலாமா?"

எழுதினேன்.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி. சாயபு தொழுகை முடித்து வந்திருந்தார். நான் குடத்தைக் கழுவித் துடைத்தேன். பிறகு வீட்டுக்கு வந்து, அப்பாவின் உறைக்குத் தைத்துப் போக மிஞ்சியிருந்த பஞ்சை எடுத்தேன். பாதிச் சுருளுக்கு மேல் இருந்தது. நாலு விரல் கனத்துக்குக் குடத்தின் அடியில் குச்சியால் அமுக்கினேன். ஒரு கடுக்காயைப் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை. குடத்தைச் சாய்த்து எடுத்து, இன்னொரு தடவை போட்டுப் பார்த்துவிட்டு, அதையும் எடுத்துவிட்டேன்.

குடத்தைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வெளியே வந்து சொன்னேன்.

"மாமா, குடத்துக்குள்ள பஞ்சு வச்சிருக்கேன்."

"பஞ்சா? எதுக்கு?"

"கடுக்கா விழுந்தா சத்தம் வருது. வெளிய எல்லாருக்கும் கேக்குது."

யாரோ இருமினார்கள். மேஸ்திரியின் மனைவி முந்தானையைச் சரிசெய்தாள். என் குரல் மருந்து சாப்பிடும் முறையைச் சொல்வதுபோலத்தான் இருந்தது.

"சத்தமா?" என்றார் மேஸ்திரி. "எனக்கு ஒரு சத்தமும் கேட்டதில்லியே."

"அப்ப பஞ்சு இருந்தா உனக்கு இன்னாண்ணா?" என்றாள் நாலாம் எண் அத்தை. "கேக்காத காதுக்குப் பஞ்சு இருந்தா இன்னா, இல்லாட்டி இன்னா?"

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். சாயபு தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"எனக்கு கேட்டுச்சிப்பா. பொய் இன்னாத்துக்கு? மொத தடவ ரெண்டு விழுந்துச்சி. ஒண்ணு என்னுது. அதுக்கு ஒரு மாசம் எங்க வூட்ல கடேசி அடுப்பு. ஒரே பேஜாரு. காலைல வெறும் வயித்தோட வண்டி ஓட்னேன்."

"இன்னொண்ணு என்னுது" என்றாள் அத்தை. "எதுக்கு மறைக்கணும்? தெரியாதவங்க மாதிரி பாக்கறீங்களே எல்லாரும்!"

மேஸ்திரியின் முகம் சிவந்தது. பஞ்சை எடு என்று அவர் சொல்ல முடியாது. சொன்னால் காது கேட்கிறது என்றாகும். "சரி, சரி, ஆவட்டும்" என்றார். "அது கெடந்துட்டு போவட்டும். யாரு மொதல்ல?"

ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். கதவு மூடியது, திறந்தது. உள்ளேயிருந்து ஒன்றும் கேட்கவில்லை. முன்பும் அப்படித்தான் கேட்காமல் இருந்தது. ஆனால் இந்தத் தடவை அதை வைத்து எதுவும் தெரிந்துகொள்ள முடியவில்லை. அக்கா நின்ற இடத்தில், கிணற்றுச் சுவருக்குப் பக்கத்தில், நான் நின்றேன். வேண்டுமென்று நிற்கவில்லை. வரிசையில் சேராத ஆள் நிற்க அங்கேதான் இடம் இருந்தது.

குடத்தைக் கோரைப்பாயில் கவிழ்த்தார்கள். முதலில் பஞ்சு வந்து வாயை அடைத்தது. சாயபு விரலால் இழுத்தார். பிறகு மற்றவை கொட்டின.

கடுக்காய் ஏழு. பட்டை நாலு.

மேஸ்திரி இரண்டு தடவை எண்ணினார். அதன்பின் என்னைப் பார்த்தார். "சரி பாப்பா. இருந்துக்கோ." பெண்கள் என் கையைப் பிடித்தார்கள். அத்தை, "அழுதுடும்மா, இப்பவாச்சும் அழுதுடு" என்றாள். ஏழும் நாலும் பதினொன்று, ஓட்டுகள் சரியாக இருக்கின்றன என்று யோசித்துக்கொண்டிருந்தேன். தீர்மானப் புத்தகத்தில் எண்களை எழுதினேன். அந்தப் பக்கத்துக்கு முந்தைய பக்கம் ஒன்பதாம் எண்ணுடையது. பதினொன்று, பூஜ்யம், ஏகமனதாக. அதற்கும் இதற்கும் நடுவே வரிசையில் மாறியது இரண்டு பேர்தான். அன்று நான் போட்டேன், இன்று ஒன்பதாம் எண்ணில் மேஸ்திரியின் அக்கா மகன் போட்டான். மற்ற பத்துப் பேரும் அதே பத்துப் பேர்.

கட்டிலை அந்த வாரம் நாலாம் எண்ணுக்குக் கொடுத்துவிட்டேன். வீட்டில் இடம் ஜாஸ்தியானது போல் இருந்தது, அவ்வளவுதான்.

தை மாதம் ஒரு நாள் மருந்தகத்தில் மருந்து கொடுக்கிற சன்னலுக்கு முன்னால் ஒன்பதாம் எண் அக்கா நின்றாள். நான் பார்க்கும் வரை கூப்பிடாமல் நின்றிருந்தாள். இளைத்திருந்தாள். தம்பி வீட்டில் மாட்டுக் கொட்டகை ஓரத்தில் படுக்கையாம், பனியில் இருமல் விடவில்லையாம். டாக்டரம்மா எழுதிய சீட்டை நீட்டினாள். உள்ளே போய் மருந்தைக் கலந்தேன். புட்டியில் ஊற்றி, ஒரு வேளைக்கு எவ்வளவு என்று தெரிய, காகிதத்தைப் பட்டைப் பட்டையாக வெட்டி ஓரத்தில் ஒட்டினேன். பசை காயும் வரை பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

"வூடு இருக்குதா உனக்கு?" என்று கேட்டாள்.

"இருக்குதுக்கா."

"அப்பா போய்ட்டாருன்னு கேள்விப்பட்டேன். பட்ட வண்டிக்கார பாய் நெமிலிப் பக்கம் வந்தப்ப சொன்னாரு." பிறகு, "எத்தினி விழுந்துச்சி?" என்றாள்.

"ஏழு."

"ஏழு" என்றாள் அவளும். விரல்களைப் பார்த்தாள். "பஞ்சு வச்சியாமே."

"ஆமாக்கா."

சன்னலுக்கு அந்தப் பக்கம் வரிசை நீண்டிருந்தது. ஒரு குழந்தை அழுதது. அவள் குரலில் கோபம் இல்லை. விலை கேட்கிறவள்போலக் கேட்டாள்.

"எனக்கு ஓட்டுப் போட்டப்ப உன்கிட்ட பஞ்சு இல்லியாம்மா?"

இங்கே, என் முதுகுக்குப் பின்னால், அலமாரியின் இரண்டாம் தட்டில் பஞ்சுச் சுருள்கள் எப்போதும் அடுக்கியிருக்கும். விலை கொடுத்தால் யாரும் வாங்கலாம். அவள் நின்ற இடத்திலிருந்து அது தெரிந்திருக்கும்.

"இருந்துச்சிக்கா" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். கணக்கு சரியாக வந்துவிட்டதுபோல. புட்டிக்கு நான் தக்கையைப் போட்டு அழுத்தினேன். சன்னல் வழியாக நீட்டினேன்.

"ஒரு நாளைக்கு மூணு வேள. சாப்பிட்ட பிறகு. குடிக்கறதுக்கு முன்னால நல்லா குலுக்கணும்."

"குலுக்கிக் குடிக்கிறேன்" என்றாள். புட்டியை முந்தானையில் முடிந்துகொண்டு நகர்ந்தாள். அடுத்தவள் சீட்டை நீட்டினாள். நான் வாங்கிப் படித்தேன்.